லேபிள் உரித்த தட்டு

ஜமுனாமரத்தூர்
11.6.2025

குணா,

கவர்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. என் நம்பரை நீ பிளாக் செய்து ஐந்து வருடம் இருக்கும். போன வாரம் தேவயானியின் போனிலிருந்து கூப்பிட்டேன். "ஹலோ" என்ற ஒரு வார்த்தையிலேயே என் குரலைக் கண்டுபிடித்து அதையும் பிளாக் செய்துவிட்டாய். உன் காது அப்படியேதான் இருக்கிறது, சந்தோஷம். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். முதுகுவலி தேவலையா? ஜெராக்ஸ் கடையில் இன்னமும் நின்றுகொண்டேதான் வேலை பார்க்கிறாயா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஹம்மிங் இசைத்தட்டு போய்விட்டது.

நான் மலைக்கு ஏறி வந்ததே இரண்டு காரணத்துக்காக. குழந்தை சுவேதாவுக்கு டவுன் ஹாரன் சத்தம் ஆகவில்லை. தட்டுகளுக்கு வேலூர் வெயில் ஆகவில்லை. மாமனார் வீட்டோடு, தேவயானியின் ஊரில் இருந்தால் இரண்டுக்கும் விமோசனம் என்று நினைத்தேன். இங்கே வெயிலுக்குப் பதில் ஈரம். ஏப்ரலில் உறையைத் திறந்தால் ஹம்மிங் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போனேன். மாமனார் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பாறையில் புளி காயப் போட்டிருந்தது. அதன் நடுவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார். "ஈரமா கெடந்துச்சு மாப்ள. புளியோட புளியா அதுவும் காயட்டும்னு வெச்சேன்" என்றார். நல்ல மனதோடுதான் செய்தார். நான் வந்து பார்க்கும்போது தட்டு வாணலி மாதிரி குழிந்து கிடந்தது, ஓரத்தில் புளி ஒட்டிக்கொண்டு. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துச் சூடு காட்டி நிமிர்த்தப் பார்த்தேன். அதுவரை ஒரு பள்ளம்தான் இருந்தது. நான் கை வைத்ததும் அலை அலையாக ஆகிவிட்டது. ஊசி நிற்கவில்லை.

வேறு எந்தத் தட்டு போயிருந்தாலும் உனக்கு முன்னால் நானே சிரித்திருப்பேன்.

சுவேதாவுக்குப் பதினொன்று முடிந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. சத்தம் தாங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொள்வாளே, நீ பார்த்திருக்கிறாய். இப்போது பலம் வந்துவிட்டது, எங்களால் பிடிக்க முடியவில்லை. அதற்கு ஒரே மருந்தாக இருந்தது அந்தத் தட்டின் இரண்டாம் பக்கம். கீழே ஆர்கன், பேஸ் கிட்டார். மேலே அந்தப் பெண்ணின் ஹம்மிங். வார்த்தையே இல்லாத குரல் என்பதாலோ என்னவோ என் மகளுக்கு அது மட்டும் பிடித்துவிட்டது. ஊசி வைப்பதற்கு முன் தட்டின் நடுவை விரலால் ஒரு சுற்று தடவுவாள். உனக்குத் தெரியக்கூடாது என்று நான் லேபிளை உரித்தேனே, அந்த மொட்டை வட்டம். தடவி முடித்துவிட்டு ஸ்பீக்கர் பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். காலையும் மாலையும் இது நடந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

இப்போது தேவயானியின் இரண்டு மணிக்கட்டிலும் பல் தடம். சுவேதாவின் நெற்றி ஆறுவதே இல்லை.

வேலூரில் டாக்டரம்மா, "என்ன பாட்டு சார் அது? நெட்ல இருக்குமே" என்றார். அது பாட்டு இல்லைங்க, ஐம்பது வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் சினிமாக்காரர்களும் டி.வி.க்காரர்களும் பின்னணிக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று கொஞ்சமே கொஞ்சம் அடித்த தட்டு, கடைக்கே வராது, பாதி குப்பைக்குப் போய்விட்டது என்று மூச்சு விடாமல் விளக்கினேன். "இத்தாலியா?" என்று கேட்டுவிட்டு மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். மாத்திரையைக் கூட்டிப் பார்க்கிறார்கள். ஆடிக்குள் அடங்காவிட்டால் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான இல்லத்தில் விட்டுவிடுங்கள், வீட்டில் வைத்திருந்தால் பிள்ளைக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார். கீழே எங்கோ ஒரு ஊரில், ஹாரன் சத்தத்துக்கு நடுவில், குணா. தெரியாத மனிதர்களிடம்.

நான் தேடாத இடமில்லை. உலகத்தில் அந்தத் தட்டு இன்னொன்று இருப்பது எனக்குத் தெரிந்து உன் அலமாரியில் மட்டும்தான். கொடு. கொஞ்ச காலத்துக்காவது கொடு. உன் காலில் விழுகிறேன்.

வெற்றிச்செல்வன்


கணியம்பாடி
18.6.2025

திரு. வெற்றிச்செல்வன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரன், தாளின் அருமை தெரிந்தவன். முதுகுவலி தேவலை. ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டேன்.

தட்டைக் கேட்டிருக்கிறீர்கள். தங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. ஒடுகத்தூரில் நாம் இருவரும் ரெக்கார்டிங் சென்டர் நடத்திய காலத்தில் நமக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாருக்குப் பழைய தட்டுப் பெட்டி கிடைத்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். கேசட் செத்து, கடையை மூடிய பிறகும் நான் அதை மீறியதில்லை. சென்னையில் அந்த டப்பிங் தியேட்டரைக் காலி செய்தபோது கிடைத்த பெட்டியைத் தாங்கள் தனியாக அவிழ்த்தீர்கள். அதோடு விட்டீர்களா? வெளிநாட்டில் டி.ஜே.க்கள் செய்வார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, அடுத்தவன் கண்ணில் படாமலிருக்க லேபிளை உரித்தீர்கள். உள்வளையத்தில் பொறித்திருந்த நம்பரைக்கூட ஊசியால் கீறி அழித்தீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினீர்கள்.

நான் அழுதேன். அந்த ஹம்மிங்கைக் கேட்டுவிட்டு அழாதவன் மனுஷனா? "தட்டு வோணாம்டா, பேர மட்டும் சொல்லு" என்று கேட்டேன். "சொன்னா நீயும் ஒண்ணு வாங்கிடுவ" என்று சிரித்தீர்கள். இருபது வருட சிநேகிதம் ஒரு பேருக்குப் பெறவில்லை.

அந்த டியூனை நானே வாயால் பாடி, போனில் பிடித்து, இத்தாலிக்காரர்களுக்கு அனுப்பினேன். என் குரலைக் கேட்டு எத்தனை பேர் விழுந்து விழுந்து சிரித்தார்களோ. கடைசியில் டூரினில் ஒரு சவுண்ட் இன்ஜினியரின் மனைவி, புருஷனை இழந்தவர், அடையாளம் சொன்னார். அவர் புருஷன் வைத்திருந்த தட்டையே அனுப்பி வைத்தார். அது கைக்கு வந்த அன்று தங்களுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "கண்டுபுடிச்சிட்டேன்டா!" என்று ரோட்டில் நின்று கத்தினேன். தாங்கள் என்ன சொன்னீர்கள்? "உன்னுது தேஞ்சிருக்கும். எதுக்கும் ஊசிய மாத்திட்டுப் போடு." அன்றைக்குத்தான் பிளாக் செய்தேன்.

ஆகையால் தட்டு என் வீட்டு வாசற்படி தாண்டாது.

குழந்தை எந்தப் பாவமும் செய்யவில்லை. அதனால் இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கம் முழுவதையும் கீறல் சத்தம்கூட விடாமல் ஏற்றியிருக்கிறேன். தங்கள் ஸ்பீக்கரிலேயே போடலாம். தாராளமாகப் போதும்.

நெற்றிக் காயத்தில் மஞ்சள் பத்து போட விடாதீர்கள். டாக்டர் கொடுத்த களிம்பை மட்டும் வையுங்கள்.

இப்படிக்கு,
குணசீலன்


ஜமுனாமரத்தூர்
27.6.2025

குணா,

பென் டிரைவ் வந்தது. நீ நல்லா இருக்கணும். ரெக்கார்டிங் அவ்வளவு சுத்தம். போட்டதும் சுவேதா நிமிர்ந்தாள். தேவயானி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுவேதா பிளேயரிடம் ஓடினாள். அங்கே எதுவும் சுற்றவில்லை. சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. என்னைப் பார்த்தாள். நான் அவசர அவசரமாக வளைந்த தட்டையே எடுத்து வைத்துச் சுற்றவிட்டேன். நடுவில் தடவினாள், முகம் மலர்ந்தது. ஊசியை இறக்கச் சொல்லி என் கையை இழுத்தாள். இறக்கினேன். ஊசி துள்ளித் துள்ளி விழுகிறது, பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஊசியையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் அவளை ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் நடந்ததை எழுத என் கை வரவில்லை.

வேறு தட்டு ஒன்றின் லேபிளை உரித்து, அதைச் சுற்றவிட்டுப் பென் டிரைவைப் போட்டும் பார்த்தேன். ஸ்பீக்கர் இல்லாமலே ஊசி நுனியிலிருந்து சன்னமாக ஒரு பாட்டு வருமே, அவள் காதை அங்கே கொண்டுபோய் வைத்தாள். அதில் வேறு பாட்டு. தட்டைத் தூக்கி வாசலில் எறிந்தாள். என் மகளின் காது உன் காதைவிடப் பொல்லாதது.

மாமனார் சோறு சரியாகச் சாப்பிடுவதில்லை. "என் கை பட்டுத்தான இப்படி ஆச்சு" என்று புளி மூட்டையைக்கூடத் தொடுவதில்லை. அவரைச் சமாதானம் செய்ய எனக்குத் தெம்பில்லை.

இல்லத்திலிருந்து போன் செய்தார்கள். இடம் இருக்கிறதாம். பிள்ளைகளின் துணி கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பேர் தைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். தேவயானி சுவேதாவின் பாவாடை, சட்டை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மடியில் போட்டுக்கொண்டு பேர் தைக்கிறாள். என்னோடு சண்டை போட்டால்கூடத் தேவலை.

நேற்று வாய் திறந்தாள். "அந்தாளுக்கு எழுதறதுக்கு பதிலா நேர்ல போய்க் கேட்டா இன்னா?" என்றாள். போயிருப்பேன். மைக்செட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டு வீட்டோடு இருக்கிறேன், சுவேதாவைத் தனியாக இவளால் பிடிக்க முடியாது. அவளையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வரலாம் என்றால் பஸ்ஸில் முதல் ஹாரனுக்கே கம்பியில் முட்டிக்கொள்வாள்.

நான் உனக்குச் செய்தது துரோகம்தான். இல்லை என்று சொல்லவே இல்லை. அதற்கு என்னை நடுத்தெருவில் நிற்க வைத்துச் செருப்பால் அடி. ஆனால் தட்டைக் கொடு.

வெற்றி


கணியம்பாடி
4.7.2025

வெற்றிச்செல்வனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் அமிர்தி வழியாக வரும் பஸ்ஸின் கண்டக்டர் ராஜாக்கண்ணு. என் கடையின் பழைய வாடிக்கை. அவர் கையில் இருக்கும் சதுரப் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வாங்கிக்கொள். "இன்னா சார், சாமி படமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்ஜின் பக்கம் வைக்காமல் தன் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

தாங்கள் கீங்கள் எல்லாம் எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

நீ பேர் தைக்கிறதைப் பற்றி எழுதியிராவிட்டால் அனுப்பியிருக்க மாட்டேன். அதைப் படித்த பிறகு என் அலமாரியைத் திறக்கவே வெட்கமாக இருந்தது. எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. டூரின் அம்மா இந்தத் தட்டோடு ஒரு கடிதம் வைத்திருந்தார். 'என் கணவர் லேபிளின் ஓரத்தில் பென்சிலால் தன் முதலெழுத்தைப் போட்டிருக்கிறார். அழித்துவிடாதீர்கள்' என்று. அழிக்க மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு இந்த வீட்டில் பொக்கிஷம் என்று இருப்பது இது ஒன்றுதான். நீ நக்கலடிக்கட்டும் என்று இதைச் சொல்லவில்லை. எதை உன்னிடம் தருகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

சுவேதா அடங்கும்வரை வைத்துக்கொள். ஆனால் வந்தபடியே திரும்ப வர வேண்டும். ஒரு கீறல், ஒரு கறை இருக்கக்கூடாது. உன் மாமனார் கண்ணில் காட்டாதே.

குணசீலன்


ஜமுனாமரத்தூர்
11.7.2025

அன்புள்ள குணாவுக்கு,

ராஜாக்கண்ணு திரும்பும் பஸ்ஸிலேயே உன் தட்டைக் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் பார். நீ அனுப்பியபடியே இருக்கும்.

சுவேதா அதை வேண்டாம் என்றுவிட்டாள்.

நீ உன்னுடையது தேய்ந்திருக்கும் என்று நான் சொன்னதை மனதில் வைத்திருக்கிறாய். சத்தியமாகச் சொல்கிறேன், என்னுடையதைவிட உன்னுடையது நல்ல தட்டு. ஊசி வைக்கக்கூட அவள் விடவில்லை. தட்டைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். விரலை நடுவில் கொண்டுபோனாள். லேபிள் தட்டுப்பட்டது. விரலை வெடுக்கென்று எடுத்தாள். மறுபடி வைத்தாள். அந்த மஞ்சள் தாளை, எழுத்தை, பென்சில் குறியை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த தட்டில் இதெல்லாம் கிடையாது. இது வேறு. அவ்வளவுதான். அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். தட்டை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். அடியெல்லாம் என் முதுகில்தான் விழுந்தது. உன் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் வெள்ளைத் தாளை வட்டமாக வெட்டி லேபிளை மூடினேன். ஓரத்தை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டாள். கறுப்புத் தாள், நெகிழித் தாள், எதுவும் செல்லவில்லை. அந்த மொட்டை வட்டத்தின் சொரசொரப்பு அவள் விரலுக்கு மனப்பாடம்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று மத்தியானம் தேவயானி சுவேதாவைக் குளிப்பாட்டக் கூட்டிப்போயிருந்தாள். நான் துணியை வட்டமாக வெட்டி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, உன் தட்டின் முன்னால் நின்றேன். கையில் ஈரத்துணி சொட்டுகிறது. லேபிளை ஊற வைத்து உரிப்பது எனக்குப் பழகிய வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். உள்ளே என் மகள் கத்துகிறாள். 'வந்தபடியே திரும்ப வர வேண்டும்' என்ற உன் எழுத்து கண் முன்னால் நிற்கிறது. அந்த அம்மாவின் புருஷன் போட்ட பென்சில் குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை உன் முதுகுக்குப் பின்னால் செய்துவிட்டேன். இரண்டாம் தடவை என் கை எழவில்லை. துணியை வாசலில் வீசிவிட்டு வந்து உட்கார்ந்து அழுதேன்.

இப்போது யோசித்தால், ஒரு தாளுக்காகப் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, குணா. எனக்கு எதுவுமே தெரியவில்லை.

ஆவணி பிறந்ததும் கொண்டுபோய் விடுகிறோம். தேவயானி எல்லாத் துணியிலும் தைத்து முடித்துவிட்டாள். சாக்ஸ் மட்டும் பாக்கி.

இனி உனக்கு எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். நீ தட்டை அனுப்பினாய். அது போதும். மற்ற தட்டுகளை எல்லாம் நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. எனக்கு இனிமேல் அவற்றைப் பார்க்க முடியாது.

உன்,
வெற்றி


கணியம்பாடி
17.7.2025

டேய் வெற்றி,

மடையா.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாய் என்ற இடத்தில் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். "அண்ணே, ஆதார் ரெண்டு காப்பி" என்று ஒரு அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார், எனக்குக் காதில் ஏறவில்லை. அவருக்கு மூன்று காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டேன்.

உரித்திருக்க வேண்டியதுதானே? உரித்துவிட்டு என்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கக்கூடாதா? பொய் சொல்ல உனக்கா சொல்லித்தர வேண்டும்? இத்தனை வருடம் கழித்து, யோக்கியனாவதற்கு இந்த நேரம்தான் கிடைத்ததா உனக்கு?

வீட்டுக்கு வந்து நானே உரித்தேன். நீ அந்த வித்தையை எனக்குச் சொல்லித் தந்ததில்லை. குருட்டாம்போக்கில் செய்தேன். முதல் பக்கம் தூள் தூளாக வந்தது. இரண்டாம் பக்கத்தில் நிதானம் வந்துவிட்டது. அவள் விரல் உள்வளையம்வரை போகுமோ என்னவோ என்று அந்த நம்பரையும் ஊசியால் கீறிவிட்டேன். கீறும்போது ஒரு கோடு வெளியே போய்விட்டது. பாட்டில் படவில்லை, போட்டுப் பார்த்துவிட்டேன்.

டூரின் அம்மாவுக்கு எழுதினேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை, இங்கே ஒரு குழந்தைக்கு இது வேண்டியிருக்கிறது என்று. அவர் என்ன நினைத்தாலும் சரி.

எனக்குப் பயமாக இருக்கிறது, வெற்றி. இதையும் அவள் தள்ளிவிட்டால் என்ன செய்வது? ஆனாலும் தேவயானியிடம் சொல், அந்தச் சாக்ஸைக் கீழே வைக்கட்டும். பதில் தெரியும்வரை ஒரு தையல்கூடப் போட வேண்டாம்.

தட்டு ராஜாக்கண்ணுவிடம் இருக்கிறது. இந்த முறை திரும்ப அனுப்பாதே. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். தேவயானி நம்பரையும்.

இரண்டாம் பக்கத்து லேபிள் கிழியாமல் முழுசாக வந்தது, பென்சில் குறியோடு. அதை இதோடு அனுப்பவில்லை. காயவைத்து நானே வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் உன்னிடம் கேட்டது பேரை மட்டும்தானே.

குணா


ஜமுனாமரத்தூர்
20.7.2025

அன்பு குணா,

மூன்று நாளாக மலையில் டவர் இல்லை. என் நம்பரை நீ திறந்தும் பிரயோஜனமில்லை. அதனால் இந்தக் கார்டு.

உன் வேலை சுத்தமில்லை. நடுவில் நகத்தளவு தாள் ஒட்டியிருந்தது. சுவேதாவின் விரல் அங்கே போய் நின்றது. அவளே நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். ஊதினாள். பிறகு ஒரு சுற்று தடவினாள். என் கையைப் பிடித்து ஊசிப் பக்கம் இழுத்தாள்.

பாட்டு முடிந்தும் ஸ்பீக்கரில் வைத்த கன்னத்தை எடுக்கவில்லை. மாமனார் கதவுக்கு வெளியே நின்றே கேட்டுவிட்டு, சோறு போடச் சொன்னார்.

தேவயானி துணிகளை மறுபடி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிளேடால் ஒவ்வொரு பேராகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

வெற்றி